நமது மூன்று உரிமைகள் வந்த வழி



குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அது எந்த வழியாக வருகிறது, அந்த வழியை யார் தோண்டினார்கள் என்று நாம் நினைப்பதில்லை. நமது ரொறன்ரோவில் அப்படி ஒரு வழியைத் தோண்டும்போது ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போலக் கடல் கடந்து வந்தவர்களே. அவர்களின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் இன்று வேலைக்குப் போய்ப் பத்திரமாக வீடு திரும்புவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

1960 மார்ச் 17, மாலை நேரம். யங் வீதியை அண்டிய ஹொக்ஸ் ஹொலோ என்ற பள்ளப் பகுதியில், டொன் ஆற்றின் அடியில், தண்ணீர்க் குழாய் பதிக்கச் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நிலத்துக்குக் கீழே சுமார் 35 அடி ஆழம். ஒடுக்கமான, இருண்ட வழி. திடீரென்று உள்ளே தீப்பிடித்தது. புகையும் நச்சு வாயுவும் வழியை அடைத்தன. ஐந்து பேர் வெளியே வரவில்லை. ஐவரும் இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்களுள் இருவர் கூடப்பிறந்த சகோதரர்கள்.

பின்னர் நடந்த விசாரணையில், பாதுகாப்புக்குச் செய்திருக்க வேண்டிய பலவற்றைச் செய்யவில்லை என்பது வெளிவந்தது. அப்படியானால் அந்த மனிதர் ஏன் உள்ளே இறங்கினார்கள் என்று பிள்ளைகள் கேட்கலாம். அந்தக் காலத்தில் இந்நகரில் கட்டட வேலை செய்த குடியேறிகள் பலருக்கு ஆங்கிலம் சரிவரத் தெரியாது. ஊரில் பணத்தை எதிர்பார்த்துக் குடும்பம் இருந்தது. ‘முடியாது’ என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. இந்த நிலையை விளக்கிச் சொல்ல நம்மவருக்கு அகராதி தேவையில்லை.

ஆனால் அந்த மரணங்களோடு கதை முடியவில்லை. 1960இலும் 1961இலும் இத்தாலியக் கட்டடத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சங்கமாகத் திரண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்திரிகைகள் அவர்களது நிலையை எழுதின. ஒன்ராறியோ அரசு தொழிற் பாதுகாப்பை ஆராய ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. பழைய சட்டங்கள் திருத்தப்பட்டன.

அடுத்த திருப்பம் ஒரு மாநாட்டில் நிகழ்ந்தது. வட ஒன்ராறியோவில் எலியட் லேக் என்ற ஊரில் யுரேனியம் சுரங்கங்கள் இருந்தன. அங்கே வேலை செய்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்ற ஆய்வு, 1974இல் பிரான்சில் நடந்த ஒரு சர்வதேச மாநாட்டில் வாசிக்கப்பட்டது. ஆய்வைச் செய்தது ஒன்ராறியோ அரசு. தங்கள் நெஞ்சில் இருந்த நோயைப் பற்றிய செய்தி அந்தத் தொழிலாளர்களுக்கோ தங்கள் தொழிற்சங்கத்தின் மூலமாகத்தான் எட்டியது. சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஹாம் தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. அதன் அறிக்கை 1976இல் வந்தது. அதைத் தொடர்ந்து உருவான தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் 1979இல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டம் தரும் மூன்று உரிமைகளைப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணி மனனம் செய்யுங்கள்.

முதலாவது, அறியும் உரிமை. வேலையில் என்ன ஆபத்து உண்டு, எந்த இரசாயனம் பாவிக்கப்படுகிறது என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டும்.

இரண்டாவது, பங்கேற்கும் உரிமை. பொதுவாக 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், தொழிலாளரும் நிர்வாகமும் சேர்ந்த பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். 6 முதல் 19 பேர் வரை வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர் தெரிவு செய்த ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும்.

மூன்றாவது, மறுக்கும் உரிமை. ஒரு வேலை உங்களுக்கு ஆபத்து என்று நியாயமாக நம்பினால் அதைச் செய்ய மறுக்கலாம். உடனே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். அவர் தொழிலாளர் பிரதிநிதியை வைத்துக்கொண்டு ஆராய வேண்டும். அதிலும் தீராவிட்டால் அரசின் பரிசோதகரை அழைக்கலாம். இதற்காக உங்களை வேலையிலிருந்து நீக்குவதோ தண்டிப்பதோ சட்டவிரோதம். காவல்துறை, தீயணைப்பு, மருத்துவமனை போன்ற பணிகளில் மட்டும் இந்த உரிமைக்குச் சில வரையறைகள் உண்டு.

வேலைத்தலத்தில் இறந்தோரையும் காயமடைந்தோரையும் கனடா ஏப்ரல் 28ஆம் நாள் நினைவுகூருகிறது. 1914இல் அதே தேதியில்தான் ஒன்ராறியோ சட்டமன்றம் காயமடைந்த தொழிலாளருக்கு இழப்பீடு தரும் சட்டத்தை நிறைவேற்றியது. 1984இல் கனடியத் தொழிலாளர் காங்கிரஸ் அந்த நாளைத் துக்க நாளாக அறிவித்தது. 1991இல் நாடாளுமன்றமும் அதைச் சட்டமாக ஏற்றுக்கொண்டது.

இதற்கு முந்திய நாள் தமிழருக்கும் உரியது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பெரம்பூர்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு மதிய உணவு உண்ணக்கூடப் போதிய நேரம் கிடைக்காத காலம் அது. பி. பி. வாடியா தலைவரானார், ‘தமிழ்த்தென்றல்’ திரு.வி.க. துணைத் தலைவரானார். ஆகவே சங்கம் சேர்வதும் உரிமை கேட்பதும் நாம் கனடாவுக்கு வந்து கற்றுக்கொண்ட பழக்கமல்ல.

இன்று நமது சபையாரைப் போன்றோர் தொழிற்சாலையிலும் களஞ்சியத்திலும் உணவகச் சமையலறையிலும் பாரவூர்தியிலும் உழைக்கிறார்கள். பிள்ளைகள் கோடை விடுமுறையில் முதல் வேலைக்குப் போகிறார்கள். “புதிதாக வந்தவன், வாய் திறக்கக் கூடாது” என்ற அறிவுரையை அன்பினாலேயே பலர் சொல்கிறார்கள். ஹொக்ஸ் ஹொலோவின் கதையை அறிந்தபின் அந்த அறிவுரையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதிருப்போம். இயந்திரத்தின் காப்பு மூடி கழற்றப்பட்டிருந்தால் கேளுங்கள். பயிற்சி தராமல் ஏணியில் ஏறச் சொன்னால் கேளுங்கள்.

தொழில் நடத்தும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. புது வீடு கட்டுகிறவன் அதன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும் என்று உபாகமம் 22ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. யாரேனும் விழுந்தால் அந்த இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். விழுந்தவன் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று அங்கே சொல்லப்படவில்லை. சுவரைக் கட்டும் பொறுப்பு வீட்டுக்காரனுடையது. 1979ஆம் ஆண்டுச் சட்டமும் பாதுகாப்பின் முதற் பொறுப்பை வேலை கொடுப்பவர்மேலேயே வைக்கிறது.

யோர்க் மில்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில், அந்த ஐவரின் நினைவாக லோரி சுவிம் என்ற கலைஞர் துணியில் தைத்த பெரிய சித்திரம் இருக்கிறது. விபத்தின் 50ஆம் ஆண்டு நினைவாக 2010இல் அது திறந்து வைக்கப்பட்டது. வரும் ஏப்ரல் 28 அன்று உங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். இந்தக் கதையை அவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள்.