மழைக்காகப் போட்ட வேலி

நெய்வேலிச் சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரியில் ஒரு கட்டியைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். சிலவற்றில் மரத்தின் நார் ஓட்டம் இன்னும் தெரியும். வெயிலில் கிடந்தால் வெடித்துப் பொரிந்து உதிரும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அது காடு. நிலத்தைத் தோண்டாதே, வெட்டாதே என்று சட்டம் போட்டுக் காக்கும் வழக்கமும் காட்டில் தொடங்கியதுதான். ஆனால் காட்டின் மேல் கொண்ட பிரியத்தால் அல்ல.

வேட்டைக்காக ராஜாக்கள் காட்டை அடைத்துவைத்தது பழைய கதை. மழைக்காக அடைத்ததுதான் புதுக்கதை. 1727இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், செடிகள் வேரால் உறிஞ்சும் நீரை இலை வழியே காற்றில் விடுவதை அளந்து புத்தகம் எழுதினார். 1735இல் அது பிரெஞ்சுக்குப் போனது. மரம் போனால் மழையும் போகும் என்ற எண்ணம் வளர்ந்தது. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மொரீஷியஸை நிர்வகிக்க வந்த பியர் புவாவ்ர், 1769இல் நிலம் வைத்திருப்பவர்கள் கால்பங்கைக் காடாகவே விடவேண்டும் என்று விதித்தார். இவர் லேசான ஆள் இல்லை. கடற்சண்டையில் ஒரு கையை இழந்தவர், சிறிது காலம் புதுச்சேரியில் இருந்தவர், டச்சுக்காரர்கள் பொத்திப் பொத்திக் காத்த கிராம்பு, ஜாதிக்காய்ச் செடிகளைக் கடத்திக் கொண்டுவந்தவர். திருட்டுச் செடிக்கும் மழை வேண்டுமே!

ஆங்கிலேயர் சும்மா இருப்பார்களா? ஹேல்ஸின் நண்பர் சோம் ஜெனின்ஸ் நாடாளுமன்ற உறுப்பினர். அவர் ஆண்டுக்கணக்கில் வாதாடியதன் பலனாக 1776 ஏப்ரலில், கரீபியன் தீவான டொபேகோவின் மலைமுகட்டுக் காட்டை மழைக்கென்று ஒதுக்கிச் சட்டம் வந்தது. கீழே அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்கள். அவை காயக்கூடாது என்பதே கவலை.

அந்தக் கவலையைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர்கள் இந்தியாவிலும் பேசினார்கள். அவர்களில் ஒருவர் சென்னையிலேயே பிறந்த ஹ்யூ கிளெகார்ன். 1856இல் சென்னை மாகாணத்தின் வனத்துறை அவர் பொறுப்பில் தொடங்கியது. அப்போது ரயில் பாதைக்கு ஸ்லீப்பர் கட்டை வேண்டியிருந்தது. எஞ்சினுக்கு விறகும் வேண்டியிருந்தது. மழை பின்னே போய் மரம் முன்னே வந்தது. 1878இன் இந்திய வனச்சட்டத்தை மட்டும் சென்னை ஏற்கவில்லை. மேய்ச்சலும் விறகும் ஊராரின் உரிமை என்று இங்குள்ள அதிகாரிகளே முரண்டுபிடித்தார்கள். கடைசியில் 1882இல் தனிச்சட்டம் வந்தது. 'ரிசர்வ்' எல்லைக்கல் நட்டதும், காலங்காலமாகச் சுள்ளி பொறுக்கியவர் குற்றவாளி ஆனது என்னவோ இங்கேயும்தான்.

இந்திய வனத்துறையின் முதல் தலைவரான ஜெர்மானியர் பிராண்டிஸிடம் பாடம் கேட்ட கிஃபர்ட் பின்ஷோதான், 1905இல் அமெரிக்க வனச்சேவையின் முதல் தலைவர். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 1872இலேயே வந்துவிட்டது என்றாலும், அமெரிக்கப் பொதுக்காடுகளின் நிர்வாகத்தில் இந்திய வாடை உண்டு.

நெய்வேலியில் நடந்தது வேறு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்குத் தோண்டியபோது கரிய பொருள் வந்தது. 1956இல் அதைத் தோண்டி எடுக்க என்.எல்.சி. நிறுவனம் பிறந்தது. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மின்சாரத்துக்குத் தவித்த மாநிலத்தில் அதை எதிர்க்க யாருக்கு மனம் வரும்?

காவிரி டெல்டாவில் கதை மாறியது. மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிரான போராட்டங்களுக்குப் பிறகு, 2020 பிப்ரவரியில் அதைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. டொபேகோவில் கரும்பு, இங்கே நெல். 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்குப் பகுதிகள் நிலக்கரி ஏலப்பட்டியலில் தலைகாட்டியபோது, இந்தச் சட்டத்தைச் சுட்டி முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாளிலேயே மூன்றும் பட்டியலிலிருந்து நீங்கின.

கடலூர் மாவட்டத்தில் அந்தச் சட்டம் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி என்ற ஐந்து ஒன்றியங்களோடு நின்றுவிடுகிறது. நெய்வேலி அதற்கு வெளியே. அதே 2023 ஜூலையில், சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்கென்று வளையமாதேவியில் நெல் நின்ற வயலிலேயே எந்திரங்கள் இறங்கின. ஏற்கெனவே கையகப்படுத்திய நிலம் என்றது என்.எல்.சி. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் போனது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச்சொன்னது நீதிமன்றம். நிலத்தை அறுவடைக்குப் பின் ஒப்படைக்கச் சொன்னது.