வெற்றிடமாய் நின்ற நான்கு ஆசனங்கள்

சட்டசபை உறுப்பினர் ஒருவர் இறந்தாலோ பதவி துறந்தாலோ இடைத்தேர்தல் நடப்பது உலக வழக்கு. உறுப்பினர் எவருமே அமராத ஆசனங்களுக்கு இடைத்தேர்தல் நடந்த விந்தையோ யாழ்ப்பாணத்துக்கு உரியது.

டொனமூர் ஆணைக்குழு 1928இல் வெளியிட்ட அறிக்கை, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கி, இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்களுக்கும் முப்பது வயது நிரம்பிய பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கப் பரிந்துரைத்தது. பழைய சட்டநிரூபண சபை 1929இல் 19க்கு 17 என்னும் வாக்குகளால் அதனை ஏற்றது. சிறுபான்மையோரின் தலைவர் பலர் தம் இனத்துப் பாதுகாப்பை எண்ணி அதனை எதிர்த்தனர். ஆனால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் எதிர்ப்பு வேறு வகையினது. ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய அவ்வியக்கம், சாதி வேற்றுமையைக் கண்டித்தது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவேற்றது. இலங்கை முழுவதற்கும் பரிபூரண சுயராச்சியம் வேண்டும், அதனைத் தராத திட்டம் வேண்டா என்பதே அதன் கொள்கை.

1931 மே 4ஆம் நாள் நியமனப் பத்திரங்கள் ஏற்கப்பட்டன. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. இந்தியாவில் 1920இல் காங்கிரஸ் சட்டசபைகளைப் பகிஷ்கரித்தபோது, பிறர் போட்டியிட்டு ஆசனங்களை நிரப்பினர். யாழ்ப்பாணத்திலோ ஆசனங்களே வெறுமையாயின. எனினும் தென்னிலங்கை அவ்வழியைப் பின்பற்றவில்லை. ஜூன் மாதத்தில் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. ஐம்பது தேர்தல் ஆசனங்களுள் நாற்பத்தாறே நிரம்பின.

இதன் விளைவு யாது? புதிய அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து இயங்கியது. கல்வி, சுகாதாரம், விவசாயம், உள்ளூராட்சி முதலியவை அக்குழுக்களிலேயே ஆராயப்பட்டன. குழுத் தலைவர்களே மந்திரிகளாயினர். ஆசனம் இழந்த குடாநாட்டுக்கு அக்குழுக்களிலும் இடமில்லாது போயிற்று. பகிஷ்கரிப்பைக் கைவிட வேண்டும் என்னும் குரல் நாளடைவில் வலுத்தது.

1934இல் இடைத்தேர்தல்கள் நடந்தன. யாழ்ப்பாணத்தில் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மைந்தர் அ. மகாதேவாவும், காங்கேசன்துறையில் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகர் சு. நடேசனும், ஊர்காவற்றுறையில் நெவின்ஸ் செல்வதுரையும், பருத்தித்துறையில் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் தெரிவாயினர். 1936இல் அடுத்த பொதுத்தேர்தல் வந்தமையால் அவர்கள் பெற்ற காலம் குறுகியது. ஆயினும் பொன்னம்பலத்தின் நெடிய சபை வாழ்வு அங்கேதான் தொடங்கிற்று. சுயராச்சியம் என்று முழங்கிய அரசியல் பின்தள்ளப்பட்டு, சிறுபான்மையோர் பிரதிநிதித்துவம் என்னும் வினா முன்வந்தது.

பகிஷ்கரித்தோரின் நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் விலையைச் செலுத்தியவர் யாவர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். சொத்தும் கல்வியும் உடையார் முன்னரே வாக்களித்துப் பழகியவர். அவ்வுரிமையை முதன்முதலாகப் பெற்றவர்கள் பெண்களும், ஏழை உழவரும், ஒடுக்கப்பட்ட மக்களுமே. தென்னிலங்கையில் அத்தகையோர் 1931இல் வாக்களித்தனர். குடாநாட்டில் அவர்கள் மூன்றாண்டுகள் காத்திருந்தனர். ஆகவே 1934ஆம் ஆண்டுத் தேர்தல், பெயரளவில் இடைத்தேர்தலாயினும், யாழ்ப்பாணத்துப் பொதுமக்களுக்கு அதுவே முதல் தேர்தல்.