கண்ணால் எழுத்துக் கூட்டியவர்கள்

நம் ஊரில் எழுத்தறிவுக்கு நெடுங்காலமாக இரண்டே வாசல்கள்தான்: வாய், கை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்தைப் போடுவார்கள். போட்டுக்கொண்டே உரக்கச் சொல்வார்கள். மறுநாள் ஒப்பிக்க வேண்டும். சட்டாம்பிள்ளை சரிபார்ப்பான்.

1789இல் எழும்பூர் ராணுவ ஆண் அனாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைப் பார்த்து அசந்துபோனார். மணல் எழுத்தையும், பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித்தரும் வழக்கத்தையும் தன் விடுதியில் புகுத்தினார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. சென்னைக்குப் பெருமைதான். ஆனால் வாயும் கையும் பேச்சுக் கேட்காத பிள்ளைக்கு அந்த மணலில் இடமில்லை. ஒப்பிக்கவில்லை, எழுதவில்லை என்றால் மண்டையில் ஒன்றுமில்லை என்று தீர்ப்பாகிவிடும். இருநூறு வருடம் கழித்தும் அந்தத் தீர்ப்பைத்தான் நான் வீடு வீடாகக் கேட்டேன்.

நான் சிறப்பாசிரியர். வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைச் சந்துகளில், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லித்தருவது என் வேலை. பெரும்பாலும் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள். சொல்வது அத்தனையும் புரியும். பதில் சொல்ல நாக்கு வராது, பென்சில் பிடிக்க விரல் வராது.

எழுத்தில்லாமல் படிக்கும் வித்தை எங்கள் பேட்டைக்குப் புதிதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த ஊர் இது. சேங்கொட்டைச் சாற்றில் போட்ட சின்னக் குறியை வைத்து இன்ன வேட்டி இன்னார் வீட்டுடையது என்று பிரித்து அடுக்கிவிடுவார்கள். ஆனால் அந்தக் குறிக்கு ஒரு எல்லை உண்டு. துணி யாருடையது என்று அது சொல்லும். ஏன் கிழிந்தது என்று சொல்லாது.

பேச்சு வராத பிள்ளைகளுக்கு முதலில் கிடைத்ததும் குறிகள்தான். நாஜி முகாம்களிலிருந்து விடுதலையாகி, பிறகு ஷாங்காய் போன சார்லஸ் பிளிஸ், சீன எழுத்தைப் பார்த்து, எந்த மொழிக்காரரும் படிக்கக்கூடிய ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார். 1949இல் ஆஸ்திரேலியாவில் அதை வெளியிட்டபோது யாரும் சட்டை செய்யவில்லை. 1971இல் டொரான்டோவில் ஷெர்லி மெக்நாட்டன் என்ற ஆசிரியை அதைக் கண்டெடுத்து, பேச முடியாத பிள்ளைகளின் முன் வைத்தார். பிள்ளைகள் குறிகளைக் காட்டிப் பேசத் தொடங்கினார்கள்.

அடுத்த வருடமே, 1972இல், மிது அலுர் பம்பாயில் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்காக ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். கல்கத்தாவில் சுதா கவுல் அந்த வேலையை முன்னெடுத்தார். சென்னைக்கு அது 1985இல் வந்தது. தொடங்கியவர் பூனம் நடராஜன். இன்று கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்ற பெயரில் இருப்பது அந்த அமைப்புதான். 2005இல் முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் வந்தது. எங்கள் தாய்மார்களுக்கு இரண்டுமே கூவத்துக்கு அந்தப் பக்கம். எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு பஸ் மாறி மாறிப் போய்வர வேண்டும். மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டைக்கு வந்ததே 2019இல். ஆக வடசென்னையில் பலருக்குக் கிடைத்தது ஒரு படப்பலகை மட்டும்: தண்ணீர், சோறு, பாத்ரூம், டிவி.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பையன். அப்பாவுக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை. அவன் படப்பலகையில் மீன் படமும் இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பான். “இவனுக்கு மீனுன்னா உசுரு டீச்சர்” என்பார் அம்மா. ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அடம் என்று திட்டு விழும்.

அவனுக்கு எழுத்துச் சொல்லித்தர, சைன்போர்டு கடையில் ஒரு கண்ணாடி போன்ற அக்ரிலிக் ஷீட்டை வெட்டி வாங்கினேன். நடுவில் என் முகம் தெரிய ஒரு ஓட்டை. சுற்றிலும் எட்டு இடங்கள். எதிரெதிரே உட்கார்ந்து, அவன் கண் எங்கே போகிறது என்று ஓட்டை வழியே பார்ப்பேன். இந்தப் பலகை வெளிநாட்டில் பழையது. எழுத்தை அதில் எப்படிப் பிரிப்பது என்பதுதான் சிக்கல். தமிழின் 247 எழுத்தையும் ஒட்டினால் பலகை தாங்காது. ஆனால் நம் இலக்கணக்காரர்கள் வேலையை முன்பே முடித்து வைத்திருந்தார்கள். வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு, குறில் ஐந்து, நெடில் ஏழு. ஐந்து கூட்டங்களுக்கு ஐந்து இடம். முதல் பார்வை எந்தக் கூட்டம் என்று சொல்லும். இரண்டாவது பார்வை அதில் எந்த எழுத்து என்று சொல்லும். ஆய்தத்தை நெடிலோடு எட்டாவதாகச் சேர்த்துக்கொண்டேன். 31 எழுத்தும் அடங்கிவிட்டன.

பல மாதம் கழித்து ஒரு நாள் மீன் படத்தைப் பார்த்தான். பிறகு எழுத்துப் பலகையைப் பார்த்தான். மெல்லினம், ம். குறில், உ. இடையினம், ள். ஆறு பார்வை. முள்.

அம்மா சிரித்துவிட்டார். “அட, முள்ளுக்குப் பயந்துகினா இத்தினி நாளா மூஞ்சத் திருப்பின?”

முள்ளுக்குப் படம் யாரும் வைக்கவில்லை. வைக்கத் தோன்றவும் தோன்றாது. படப்பலகையில் பெரியவர்கள் நினைத்ததைத்தான் பிள்ளை சொல்ல முடியும். யாரும் நினைக்காததைச் சொல்ல அதற்கு எழுத்து வேண்டும். பேசும் பிள்ளைக்கு எழுத்து கொஞ்சம் தாமதமானாலும் ஒன்றும் கெட்டுவிடாது. பேசாத பிள்ளைக்கு எழுத்துதான் பேச்சு.

பிறகு கருவிகள் வந்தன. ஐஐடி மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், வித்யாசாகரோடு சேர்ந்து ‘ஆவாஸ்’ என்ற பேசும் கருவியை உருவாக்கினார். 2010இல் அதற்குத் தேசிய விருது கிடைத்தது. பல லட்ச ரூபாய் வெளிநாட்டுக் கருவிகளுக்கு இங்கே ஒரு மாற்று கிடைத்தது. பின்னால் அது டேப்லெட்டில் ஓடும் செயலியாயிற்று. தமிழைக் கணினி வாய்விட்டுப் படிக்கும் தொழில்நுட்பத்தில் அதே ஐஐடியின் ஹேமா மூர்த்தி குழு வேலை செய்தது.

விசைப்பலகையிலும் ஒரு முன்னேற்றம். பழைய தட்டச்சில் ‘கொ’ வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. காதுக்குக் கேட்கும் வரிசை வேறு. 1999இல் வந்த தமிழ்99 முறையில் க, ஒ என்று இரண்டு தட்டு போதும். ஒரு தட்டுக்கே உடம்பை முறுக்கும் பிள்ளைக்கு ஒரு தட்டு மிச்சமாவது சாதாரண விஷயமில்லை. காதால் மட்டுமே தமிழைக் கற்ற பிள்ளைக்குச் சத்த வரிசை தன்னால் வரும்.

ஆனால் எங்கள் பக்கம் வந்து சேரும் டேப்லெட்டைத் திறந்தால் முதல் பக்கம் இன்றும் தண்ணீர், சோறு, பாத்ரூம்தான். எழுத்துப் பக்கம் உள்ளே எங்கோ கிடக்கும். அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் நான் செய்யும் முதல் வேலை.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. 2012இல் திருத்திய கல்வி உரிமைச் சட்டம் கடும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையைத் தந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் உள்ள வழிகளைப் பள்ளியில் வளர்க்கச் சொல்கிறது. பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆள் தருகிறார்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகவும் தருகிறார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எழுத்துக்கு இரண்டு பார்வை, பார்வைக்கு மூன்று விநாடி. நூறு எழுத்துக்குப் பத்து நிமிடம். நூறு எழுத்து என்பது பதினாலு, பதினைந்து சொல். ஆக ஒரு மணி நேரத்தில் ஒரு பத்தி. வாயால் சொல்பவருக்குப் போதும் என்று வைத்த அளவு இது. கண்ணால் எழுத்துக் கூட்டுபவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மணல் போய் டேப்லெட் வந்துவிட்டது, ஒப்பிக்கும் வேகம்தான் இன்னும் அளவுகோல். தேர்வுத் துறை அடுத்துத் திருத்த வேண்டியது இந்தக் கடிகாரத்தை.