மன்ஹற்றன் கிணற்று மர்மம்

பதினெட்டாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில் நியூயோர்க், ஏறத்தாழ 60,000 மக்கள் வாழ்ந்த துறைமுகப் பட்டினம். அதன் கிறீனிச் வீதியில், குவேக்கர் சமயத்தைச் சார்ந்த ரிங் தம்பதிகள் விடுதியொன்றை நடத்திவந்தனர். இல்லத்தலைவியின் உறவினளாகிய எல்மா சான்ட்ஸ் என்னும் இளம்பெண் அவர்களுடன் வாழ்ந்தாள். லீவை வீக்ஸ் என்னும் இளந்தச்சனும் அவ்விடுதியிலே தங்கியிருந்தான்.

1799 டிசெம்பர் 22 ஆம் நாள் இரவு வெளியே சென்ற எல்மா திரும்பவில்லை. 1800 சனவரி 2 ஆம் நாள், நகர்ப்புறத்துப் புல்வெளியிலிருந்த மன்ஹற்றன் கிணற்றில் அவளுடைய உடல் காணப்பட்டது. அன்றிரவு லீவையை இரகசியமாக மணம்புரிய அவள் எண்ணியிருந்தாள் என்ற செய்தி ஊரெங்கும் பரவிற்று. அவளுடலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தனர். கண்டோர் நெஞ்சம் கொதித்தது. விசாரணை தொடங்குமுன்னரே வீதி தீர்ப்பளித்துவிட்டது.

மார்ச் 31 ஆம் நாள் வழக்கு ஆரம்பமாயிற்று. தச்சனுக்காக எழுந்தவர்களோ நாட்டின் தலைசிறந்த நியாயதுரந்தரர்: அலெக்சாந்தர் ஹமில்டன், ஆரன் பேர், புறொக்கோல்ஸ்ற் லிவிங்ஸ்ரன் ஆகிய மூவர். லீவையின் தமையன் எஸ்ரா செல்வாக்குமிக்க கட்டட ஒப்பந்தக்காரன். ஹமில்டனின் புதிய மாளிகையைப் பின்னர் கட்டியவனும் அவனே. அக்கிணறோ, நகருக்கு நன்னீர் வழங்குவதாகக் கூறி, 1799 இல் பேர் முன்னின்று நிறுவிய மன்ஹற்றன் கம்பனிக்குரியது.

குற்றத்தைக் கண்ணாற் கண்ட சாட்சி எவருமிலர். கழுத்திற் காணப்பட்ட அடையாளங்கள் நெரித்ததனால் உண்டானவையா என்பதில் வைத்தியர்கள் முரண்பட்டனர். அன்று மாலையில் லீவை தன் வீட்டிலிருந்தான் என எஸ்ரா சாட்சியமளித்தான். திருமணம் பற்றி எல்மா கூறியதாகச் சொல்லப்பட்ட வார்த்தைகளோ, செவிவழிச் செய்தியென விலக்கப்பட்டன. ஆனால் அவளுடைய மனச்சோர்வு பற்றியும் ஒழுக்கம் பற்றியும் பிறர் தாராளமாகப் பேசினர். மாண்டவளுக்கு மறுமொழி கூற வழியேது?

இரவு நெடுநேரம் நீடித்த விசாரணையின் ஈற்றில், குற்றத்தை நிரூபிக்கப் போதிய சான்றில்லை என்ற கருத்தை நீதிபதி லான்சிங் யூரிமாருக்கு உணர்த்தினார். அவர்கள் சில நிமிடங்களில் லீவையை விடுவித்தனர்.

அத்தீர்ப்பைப் பிழையென்று எளிதிற் கூறுதல் தகாது. ஐயம் எத்துணை வலிதாயினும் சான்றாகாது. வீதியின் கொதிப்பினால் ஒருவனைத் தூக்கிலிடும் நாட்டில் எவனுக்கும் பாதுகாப்பில்லை. எனினும், குற்றஞ்சாட்டப்பட்டவனைக் காப்பதற்காக மாண்டவளின் மானத்தைப் பலியிடுதல் நீதியின் தேவையன்று. அக்காலச் சமூகம் இவ்விரண்டையும் வேறுபடுத்தி நோக்கவில்லை.

லீவை நகரைவிட்டு நீங்கி, நாச்செஸ் என்னுமிடத்திற் கட்டடக் கலைஞனாகப் புகழ்பெற்று, 1819 இல் இறந்தான். ஒரே மேசையிலமர்ந்து வாதாடிய ஹமில்டனும் பேரும் 1804 இல் துப்பாக்கியேந்தி எதிரெதிரே நின்றனர்; பேரின் குண்டுக்கு ஹமில்டன் பலியானார். அவர்தம் வரலாற்றை உலகறியும். எல்மாவைக் கொன்றது யார், அன்றி அவள் தானே மாண்டாளா என்பதை இன்றுவரை எவரும் நிறுவவில்லை. வழக்கு நடவடிக்கைகளை நீதிமன்ற எழுதுவினைஞர் கோல்மன் விரிவாக எழுதி அச்சிட்டார். அந்நூலில் அனைவரும் பேசுகின்றனர். எல்மா மட்டும் பேசவில்லை.