வாய்க்காலை அடைப்பதும் சருகைக் கொளுத்துவதும்

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், ஜார்ஜ் டவுனிலிருந்து பார்த்தால் கொடிமலையே சில நாள் காணாமல் போய்விடும். 1997, 2015, 2019 ஆண்டுகளின் புகைமூட்டம் பினாங்குக்காரர் எவருக்கும் மறந்திருக்காது. அதில் பெரும்பங்கு சுமத்ராவின் பீட் சதுப்புகளில் கிளம்பியது. அத்தகைய தீயோடு வாழும் வழியைத் தேடுகையில் இரண்டு காடுகளைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது: சிலாங்கூரின் ராஜா மூசா வனக்காப்பகமும், கர்நாடகத்தில் தமிழக எல்லையை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையும்.

பீட் சதுப்பான ராஜா மூசாவில் தீ நுழையவே கூடாது. 2008 முதல் வனத்துறையும் தொண்டு நிறுவனமும் ஊர்மக்களும் சேர்ந்து பழைய வாய்க்கால்களை அடைத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, மகாங் மரக்கன்றுகளை நட்டுவருகிறார்கள். பிலிகிரிரங்கன் மலையிலோ தீ திரும்பி வரவேண்டும் என்கிறார்கள் அங்கே வாழும் சோளகப் பழங்குடியினர். கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்குச் சிறு தீ மூட்டுவது அவர்கள் வழக்கமாக இருந்தது. 1974-இல் மலை சரணாலயமானது. அந்தத் தீயும் குற்றமானது.

இவ்வளவு முரணான இரண்டுக்கும் உறவு எங்கே? சருகில்தான். பீட் என்பது நீருக்கடியில் முழுதும் மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இலையும் வேரும் மரமும். சோளகர் கொளுத்தியது ஒரே ஆண்டில் உதிர்ந்த இலை. முன்னது வாய்க்கால் வெட்டி வடித்ததும் விறகாகிறது; பின்னது கொளுத்தாமல் விட்டதும் விறகாகிறது. பீட்டில் பிடித்த தீ மண்ணுக்குள் கனன்று வேறோர் இடத்தில் தலைகாட்டும், தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் அடங்காது. ஆகவே அங்கே எரிபொருளை நனைத்து வைக்கிறார்கள். சருகுத் தீ தரையோடு ஊர்ந்து அணைந்துவிடும். ஆகவே இங்கே எரிபொருளைக் குவியவிடாமல் எரித்துவந்தார்கள். இரண்டு வேலையும் பெருந்தீக்கு முன்பே முடிந்தாக வேண்டியவை.

இழந்ததை நிரப்ப வந்த செடிகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. வடிந்து எரிந்த பீட்டில் லாலாங் புல்லும் பெரணியும் மண்டும், அவை காய்ந்து அடுத்த தீயை அழைக்கும். சிறுதீ நின்ற மலையில், அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி ஆளுயரப் புதராகி, தரையோடு போகவேண்டிய தீயைக் கிளைக்கு ஏற்றிவிடும். நெல்லி மரத்தில் புல்லுருவி பெருகியதற்கும் சிறுதீ நின்றதே காரணம் என்பது சோளகப் பெரியவர்களின் கணிப்பு. நெல்லிக்காய் பொறுக்கி விற்றவர்களின் கணிப்பு என்பதால் எனக்கு அதில் மதிப்பு கூடுகிறது.

வேறுபாடு அளவுகோலில் இருக்கிறது. நீர்மட்டத்தை ஒரு குழாயை நட்டு அளந்துவிடலாம். சாகுபடிக்கு வந்த பீட் நிலத்தில் அது தரைமட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கக்கூடாது என்று இந்தோனேசியா 2014-இல் விதித்தது. சிறுதீக்கு அப்படி ஒற்றை எண் கிடையாது. பனியின் ஈரம், காற்றின் போக்கு, சருகின் தடிப்பு எல்லாம் பார்த்து நாள் குறிக்கும் மனிதர்தான் உண்டு. எண்ணை நம்புவது அரசு அலுவலகத்துக்கு எளிது. மனிதரை நம்புவது கடினம். 2011-இல் சோளகருக்குச் சமூகக் காட்டுரிமை கிடைத்தது, புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இந்தியாவிலேயே முதல்முறையாக. சரணாலயத்துக்குள் தீ மூட்டுவதை மட்டும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இன்றும் தடுக்கிறது.