நிகண்டு முதல் கைபேசி வரை: சொல் எடுத்துக் கொடுத்தவர்கள்

இந்த மலருக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்று சென்ற மாதம் ஹப்சிகுடாவில் கடையில் உட்கார்ந்தபடியே கைபேசியில் தட்டத் தொடங்கினேன். ‘அருகன்’ என்று எழுத வேண்டும். ‘அருக’ வரை வந்ததுமே திரையின் அடியில் அருகில், அருகே, அருகிலுள்ள என்று மூன்று சொற்கள் வந்து நின்றன. ‘முக்குடை’க்குப் போனால் ‘முக்கியம்’ வந்தது. பேத்தி எட்டிப் பார்த்துவிட்டு, “தாத்தா, அது தர்றதையே எடுத்துக்கோங்களேன், சீக்கிரம் முடியும்” என்றாள். முடியும்தான். அருகப் பெருமான் ‘அருகில்’ ஆகிவிடுவாரே!

எழுதுகிறவன் பாதியில் நிற்கும்போது மீதியை எடுத்துக் கொடுப்பதும், பல சொற்களை நீட்டி ஒன்றைப் பொறுக்கிக்கொள் என்பதும் கம்ப்யூட்டர்காரர்கள் கண்ட புதுமை என்று நாம் நினைக்கிறோம். இந்த வேலையைத் தமிழில் பல நூற்றாண்டுகளாகச் செய்தவை நிகண்டுகள். அவற்றைச் செய்தவர்களும் ஒரே கேள்வியைத்தான் எதிர்கொண்டார்கள். தேடி வருகிறவன் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? அதைப் பொறுத்துத்தானே வரிசையை அமைக்க முடியும்?

முதலில் வந்த சேந்தன் திவாகரம், தேடுபவன் கையில் பொருள் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒரு பொருளுக்குரிய பெயர்களையெல்லாம் ஒரே இடத்தில் குவித்தது. யானைக்கு இன்னொரு பெயர் வேண்டுமா, விலங்கின் பெயர்த் தொகுதிக்குப் போ.

சூடாமணி நிகண்டு செய்த மண்டலபுருடர் எங்கள் சமயத்தவர். அப்பாண்டைநாதர் கோயில் கொண்ட திருநறுங்கொண்டையில் இருந்த குணபத்திரரின் மாணவர். திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதி அமைப்பையே இவரும் எடுத்துக்கொண்டார். ஆனால் இரண்டு காரியங்களை மாற்றினார். சூத்திரத்தை விட்டு விருத்தத்தில் பாடினார். விருத்தத்தில் நாலு அடியும் எதுகையில் நிற்கும். முதல் அடி வாயில் வந்தால் அடுத்த அடி தானாக இழுத்துக்கொண்டு வரும். திண்ணைப் பள்ளியில் படித்த என் தாத்தா எழுபது வயதிலும், யாராவது முதல் சீரைச் சொன்னால் போதும், மீதிப் பாட்டை நிறுத்தாமல் சொல்லி முடிப்பார்.

இரண்டாவது, ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் பதினோராம் தொகுதியில் அவர் செய்த வேலை. ககர எதுகை, ஙகர எதுகை, சகர எதுகை என்று சொற்களை இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கினார். இன்றைய கண்ணுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் அவர் கண் முன் இருந்தவன் செய்யுள் செய்கிறவன். அவன் ‘பகவன்’ என்று ஓர் அடியைத் தொடங்கிவிட்டால் அடுத்த அடிக்கு அகலம், நகரம், தகவு என்று ஏதாவது வேண்டும். அவன் கையில் இருப்பது இரண்டாம் எழுத்து. ஆகவே அதற்கே முதலிடம்.

1594-இல் சிதம்பரம் ரேவணச் சித்தர் அகராதி நிகண்டில் முதலெழுத்து வரிசைக்கு வந்தார். ‘அகராதி’ என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். 1732-இல் வீரமாமுனிவர் செய்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு. ஒரே நூலுக்கு நான்கு வாசல்! நான்காவதான தொடையகராதி எதுகை தேடுபவனுக்கென்றே வைத்தது. பழைய வாசலை அவர் அடைத்துவிடவில்லை.

இனி விசைப்பலகைக்கு வருவோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ போதும். புள்ளியைக் கருவியே வைத்துக்கொள்ளும். ங வந்து அடுத்து க வந்தாலும் அப்படியே. இது யாருடைய மூளை? நன்னூலை எடுத்துப் பாருங்கள். பவணந்தி முனிவரும் சமணர்தாம். மெய்ம்மயக்கத்தில் அவர் சொல்கிறார்: ர, ழ நீங்கலாக மற்ற பதினாறு மெய்யும் தம்மோடு தாமே இரட்டிக்கும், க, ச, த, ப நான்கும் தம்மோடு மட்டுமே சேரும். அந்தக் கணக்குப்படி சொல்லின் நடுவில் ‘க்’ வந்தால் அடுத்தது க வரிசைதான், வேறு வழியில்லை. ஆனால் நாங்கள் ஓதும் பக்தாமர ஸ்தோத்திரத்தின் பெயரை அடித்தால் கணக்கு உடைந்துபோகும். அங்கே புள்ளியை நாமே தட்ட வேண்டும். ‘பத்தி’ என்று எழுதச் சொன்ன பவணந்தியார் கோபிப்பாரோ என்னவோ!

கைபேசிக்கு வேறு சங்கடங்களும் உண்டு. ‘மரம்’ என்பது ‘மரத்தில்’ ஆகும்போது சொல்லின் கடைசியே மாறிவிடுகிறது; தொடக்கத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி தடுமாறும். யூனிகோட் ‘படி’ என்பதில் டகரத்தைத் தனியாகவும் இகரக் குறியைத் தனியாகவும் வைத்திருப்பதால், ‘பட’ என்று தேடினால் ‘படி’, ‘பட்டு’ எல்லாம் சேர்ந்து வரும். அழிக்கும் விசையைத் தட்டினால் ‘டி’யில் குறி மட்டும் போய் ‘ட’ நிற்கும். நமக்கு ஓரெழுத்து, அதற்கு இரண்டு.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. என்னை உறுத்துவது வரிசைதான். கருவி பெரும்பாலும் அதிகம் புழங்கும் சொல்லையும், முந்தைய சொல்லோடு வழக்கமாகச் சேர்ந்து வருவதையும் முன்னே நிறுத்துகிறது. வியாபாரிக்கு இது புரியும். ஓடுகிற சரக்கைத்தான் நாங்களும் முன் அலமாரியில் வைப்போம். ஆனால் கேட்டு வருகிறவருக்காகப் பின்கட்டில் நாலு பொருள் எப்போதும் இருக்கும். மண்டலபுருடரும் பாரபட்சம் பார்த்தவர்தான். தேவப் பெயர்த் தொகுதியை அருகன் பெயர்களிலிருந்தே தொடங்கினார். அதை முதல் பாட்டிலேயே வெளிப்படையாகச் செய்துவிட்டார். மற்றத் தெய்வங்களின் பெயர்களையும் விடாமல் கொடுத்தார். ஆகவே சைவர் வீட்டுப் பிள்ளைகளும் அந்நூலைப் படித்தார்கள். ஆறுமுக நாவலரே அதை அச்சிட்டார்.

தெருவில் தெலுங்கும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்த மூன்று சொற்களே அகராதி. அதில் இல்லாததை அவர்கள் எங்கே பார்ப்பார்கள்?

கைபேசியில் நமக்கென்று சொற்பட்டியல் ஒன்று சேர்த்துக்கொள்ள இடம் உண்டு; பேத்திதான் காட்டிக்கொடுத்தாள். தினமும் கடை அடைத்த பிறகு சூடாமணியைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் சொல்லச் சொல்ல அவள் அடிக்கிறாள். இதுவரை நாற்பது சொல் ஏறியிருக்கிறது. ‘அருக’ என்று தட்டினால் இப்போது மூன்றாவதாக அருகன் வருகிறார்.