ஒரே மேசை, அதே மூவர்... இது எந்தக் கூட்டம்?

நீங்களும் இரு நண்பர்களும் சேர்ந்து சிங்கப்பூரில் ஒரு காப்பிக் கடை தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தனியார் நிறுவனமாகப் பதிவும் செய்தாச்சு.

நண்பர் போட்ட பணம் 30,000 வெள்ளி. நீங்கள் 10,000. தோழி 10,000. பங்குகள் 60, 20, 20 விழுக்காடு. மூவருமே இயக்குநர்கள்.

ஒரு வருடம் ஆனது. "கடன் வாங்கித் தெம்பனிஸில் இன்னொரு கடை திறக்கலாமா?" என்று கேட்கிறார் நண்பர். நீங்களும் தோழியும் வேண்டாம் என்கிறீர்கள்.

யார் பேச்சு எடுபடும்? எந்தக் கூட்டத்தில் கேட்டார் என்பதைப் பொறுத்தது அது.

இயக்குநர் கூட்டம்: ஆளை எண்ணுவார்கள்

நிறுவனத்தை நடத்தும் பொறுப்பை நிறுவனச் சட்டம் இயக்குநர்களிடம் கொடுத்திருக்கிறது. கடை வாடகை, ஊழியர் சம்பளம், வங்கிக் கடன் போன்ற அன்றாட முடிவுகள் பொதுவாக இங்கேதான் எடுக்கப்படும்.

இங்கே வழக்கமாக ஆளுக்கு ஒரு வாக்கு. யார் எவ்வளவு பணம் போட்டார் என்று பார்ப்பதில்லை. அதனால் 2-க்கு 1 என்று நீங்களும் தோழியும் ஜெயித்துவிட்டீர்கள். தெம்பனிஸ் கடை இல்லை.

பங்குதாரர் கூட்டம்: பங்கை எண்ணுவார்கள்

அப்போ நண்பரால் ஒன்றும் செய்யமுடியாதா? முடியும்.

10 விழுக்காடு பங்கு வைத்திருப்பவர்கூடப் பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லலாம். இயக்குநர்கள் 2 மாதத்துக்குள் அதைக் கூட்டியாக வேண்டும். பங்குதாரர்களுக்குக் குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பும் கொடுக்கவேண்டும்.

அதே மேசை. அதே மூவர். ஆனால் பங்குக் கணக்கில் வாக்கெடுத்தால் நண்பரின் 60 விழுக்காடு உங்கள் இருவரின் 40 விழுக்காட்டைத் தாண்டிவிடும்.

சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் இருந்தால் போதும். நிறுவன விதிமுறைகளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, உங்கள் இருவரையும் இயக்குநர் பதவியிலிருந்து அவர் நீக்கிவிடலாம். அதற்குப் பிறகு இயக்குநர் கூட்டத்தில் அவரைத் தடுக்க யார் இருக்கிறார்கள்?

புதிய பங்குகளை வெளியிட, நிறுவனத்தின் சொத்து முழுவதையும் விற்க, இயக்குநர்களுக்குக் கட்டணம் கொடுக்க... இவற்றுக்கும் பங்குதாரர்களின் ஒப்புதல் வேண்டும்.

உங்கள் 20 விழுக்காட்டுக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது.

- நிறுவன விதிமுறைகளை மாற்றச் சிறப்புத் தீர்மானம் தேவை. அதற்கு 75 விழுக்காடு வாக்கு வேண்டும். நண்பரிடம் இருப்பது 60 மட்டுமே. நீங்களும் தோழியும் சேர்ந்து தடுக்கலாம்.

- இயக்குநர் பதவி போனாலும் பங்கு உங்களுடையதுதான். பொதுக்கூட்டக் குறிப்புகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் இயக்குநர் கூட்டக் குறிப்புகளைப் பார்க்கும் உரிமை சாதாரணப் பங்குதாரருக்குச் சட்டத்தில் இல்லை. பலரும் கவனிக்காத வேறுபாடு இது.

- நிதியாண்டு முடிந்து 5 மாதத்துக்குள் கணக்கறிக்கையை அனுப்பிவிட்டால் தனியார் நிறுவனம் வருடாந்தரப் பொதுக்கூட்டத்தை நடத்தத் தேவையில்லை. ஆனால் ஒரே ஒரு பங்குதாரர் உரிய நேரத்தில் கேட்டாலும் நடத்தவேண்டும்.

- பொதுக்கூட்டத்துக்குப் போகமுடியாவிட்டால் உங்கள் சார்பில் வாக்களிக்க இன்னொருவரை அனுப்பலாம். இயக்குநர் அப்படி யாரையும் அனுப்பிவிடமுடியாது. மாற்று இயக்குநரை நியமிக்க நிறுவன விதிமுறைகள் இடம் கொடுக்கவேண்டும்.

- பெரும்பான்மைப் பங்குதாரர் அநியாயமாக உங்களை ஒடுக்கினால் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் அதற்குச் செலவு அதிகம், நேரமும் பிடிக்கும்.

பணம் போடும் முன்...

"நண்பன்தானே, அப்புறம் பேசிக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். பேசவேண்டிய நேரம் நட்பு நன்றாக இருக்கும்போதுதான்.

நிறுவன விதிமுறைகளை முழுதாகப் படியுங்கள். இயக்குநரை நீக்க எத்தனை விழுக்காடு வேண்டும், பெரிய கடனுக்கு யார் யார் சம்மதிக்கவேண்டும் என்பதைப் பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதிவையுங்கள். ஒரு வழக்கறிஞரிடமும் காட்டுங்கள்.

அடுத்த முறை மூவரும் உட்காரும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி: "இன்றைக்கு ஆளை எண்ணுகிறோமா, பங்கை எண்ணுகிறோமா?"